'சரி' என்றால் சம்மதமா?

அத்தியாயம் பதினொன்று

காலையில் அவளுடைய போனைச் சார்ஜரிலிருந்து எடுத்தேன். புதிதாக ஒரு குறுஞ்செய்தி இருந்தது. 'அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் நம்பிக்கையே எங்கள் மூலதனம்.'

என் மனைவி இறந்து ஒன்பது மாதமாகிறது. அவளுக்கு இன்னும் விடாமல் எழுதிக்கொண்டிருப்பது அந்தப் பங்குத் தரகுக் கம்பெனி மட்டும்தான்.

இதுவரை நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். மாமா, அதாவது அவளுடைய அப்பா, பஸ் டெப்போவில் முப்பத்தோரு வருடம் டைம் கீப்பராக இருந்தவர். ஓய்வு பெற்றபோது வந்த பணம் முழுவதையும் பெரிய மகளான என் மனைவியிடம் கொடுத்தார். அவள் ஐந்து நல்ல கம்பெனிகளின் பங்குகளை வாங்கித் தன் பெயரில் வைத்தாள். விற்பதற்காக வாங்கவில்லை. அப்பாவின் கடைசிக் காலத்துக்காக வாங்கினாள்.

பிறகு அவளுக்கு நோய் வந்தது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அவள் அலைந்த நான்கு மாதத்தில், அந்தக் கணக்கில் இருநூற்றுப் பன்னிரண்டு வியாபாரம் நடந்திருக்கிறது. எல்லாமே காலையில் வாங்கி மாலையில் விற்றவை. ஒவ்வொன்றுக்கும் கம்பெனிக்குத் தரகு. அவள் போன பிறகு, நாமினி என்ற முறையில் நான் கணக்கைத் திறந்து பார்த்தேன். ஐந்தில் ஒன்றுகூட மிச்சமில்லை.

"உங்கள் மனைவி போனில் சம்மதம் சொன்னார்" என்றது கம்பெனி. "சொல்லவே இல்லை" என்றோம் நாங்கள். இரண்டு முறை புகாரைத் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை நடுவர் முன்னிலையில் விசாரணைக்குத் தேதி கிடைத்தது.

அந்தத் தேதி இன்று.

மாமா ஏழு மணிக்கே தயாராகிவிட்டார். டெப்போ காலத்துச் சட்டை. பையில் இரண்டு பேனா.

"மாப்பிள்ளை, பத்தரைக்கு விசாரணைன்னா நாம ஒன்பதரைக்கு அங்க நிக்கணும்."

"கதவைத் திறக்கிறவரையும் நாமளே போய்க் கூட்டிட்டு வந்துடலாம்பா" என்றாள் சின்னவள். அவள் என் மனைவியின் தங்கை. மருந்துக்கடையில் வேலை. இன்று லீவு போட்டிருந்தாள்.

"உனக்கு எல்லாம் கிண்டல். என் டெப்போவுல ஒரு வண்டி ரெண்டு நிமிஷம் லேட்டாப் போனதில்ல."

"ரெண்டு நிமிஷம் லேட்டாப் போகல, ரெண்டு மணி நேரம் லேட்டாப் போச்சு. அதான் நான் தினமும் காலேஜுக்கு நடந்தே போனேன்."

மாமா சிரித்தார். விசாரணைக் கடிதம் வந்த நாளிலிருந்து அவருக்குச் சிரிப்பு வருகிறது. எனக்கும் வந்தால் தேவலை என்று நினைத்தேன். வரவில்லை.

போகிற வழியில் மாமா வேலை செய்யும் இடத்தில் நின்றோம். வாகன நிறுத்துமிடம். வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு தகரக் கூண்டு, உள்ளே ஒரு ஸ்டூல். பணம் போன பிறகு மாமா தேடிக்கொண்ட வேலை. அறுபத்து நாலு வயதில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் அதில் உட்கார்ந்து சீட்டுக் கிழிக்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால், வாரின் தடம் வீங்கிய காலில் அப்படியே பள்ளமாக நிற்கும்.

சீட்டுப் புத்தகத்தை மாற்று ஆளிடம் கொடுத்தார்.

"என்ன பெரியவரே, கேஸ் இன்னிக்குத்தானா? ஜெயிச்சா எங்களையெல்லாம் மறந்துடுவீங்க."

"மறப்பேனா? கார் வாங்கிட்டு நேரா இங்கதான் வருவேன். நீ சீட்டுக் கிழிச்சுக் குடு, நான் சில்லறை இல்லைன்னு தகராறு பண்றேன்."

நடக்கும்போது என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். "கார் எல்லாம் சும்மா மாப்பிள்ளை. பாதி வந்தாக்கூடப் போதும். இந்த ஸ்டூல்லேர்ந்து எந்திரிச்சுடுவேன்."

விசாரணை நடக்கும் அலுவலகம் மூன்றாம் மாடியில். நான் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் எஞ்சினியர். அந்த லிஃப்ட் மூன்றாம் மாடித் தரைக்கு ஓர் அங்குலம் கீழே நின்றது. ஒருவர் தடுக்கி விழ அது போதும். முன்பெல்லாம் யாரையாவது கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன். இன்று மாமாவின் கையைப் பிடித்து ஏற்றிவிட்டு நடந்தேன்.

நடையில் ஒரு பெஞ்சு. பதினொன்றுக்குத்தான் எங்களைக் கூப்பிடுவார்கள் என்றார்கள். எங்களுக்கு முந்தைய புகார் ஒரு தையல்காரருடையது. அதே கம்பெனி, அதே மாதிரி வியாபாரம். கம்பெனி வாசலில் எத்தனையோ முறை சேர்ந்து நின்றிருக்கிறோம்.

அவர் வெளியே வந்தார். முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது.

"என்னண்ணே ஆச்சு?" என்றாள் சின்னவள்.

"ஏழு சரி."

"என்னது?"

"ஏழு தடவை 'சரி'ன்னு சொல்லியிருக்கேனாம். பதிவு பண்ணி வச்சிருக்காங்க. போட்டுக் காட்டினாங்க. எண்ணியும் காட்டினாங்க."

"நீங்க ஏன் சரின்னு சொன்னீங்க?"

"நான் அந்தக் கம்பெனிக்காரனுக்கா சொன்னேம்மா? போன் தோள்ல இடுக்கியிருக்கு. கையில டேப்பு. எதிர்ல அளவு குடுக்க ஒருத்தர் நிக்கிறார். கை கொஞ்சம் தொளதொளன்னு வைங்கன்னார், சரின்னேன். காலர் சின்னதாப் போதும்னார், சரின்னேன். அந்தக் காலர்லதான் என் மக படிப்பு போச்சு."

"அந்தச் சட்டைக்காரரைச் சாட்சிக்குக் கூட்டிட்டு வரலாமே" என்றார் மாமா.

"கை ரொம்பத் தொளதொளன்னு இருக்குன்னு சண்டை போட்டுட்டுப் போனவர்தான். அப்புறம் என் கடைப் பக்கமே வரல."

யாரும் சிரிக்கவில்லை. அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கினார். 'சரி, வரேன்' என்று சொல்ல வாயெடுத்து 'வரேன்' என்று மட்டும் சொன்னார்.

மாமா தண்ணீர் குடிக்கப் போனார். சின்னவள் என்னைப் படிக்கட்டுப் பக்கம் அழைத்துப் போனாள்.

"அத்தான், அக்கா குரலையும் போடுவாங்க."

"போடுவாங்க."

"அது அவ குரல் இல்லைன்னு சொல்லிடுங்க."

நான் அவளைப் பார்த்தேன்.

"நீங்கதான் நாமினி. நீங்க இல்லைன்னு சொன்னா அவங்கதான் நிரூபிக்கணும். குரல் சோதனை, அது இதுன்னு மாசக்கணக்கா இழுக்கும். கம்பெனி சமாதானத்துக்கு வந்துடும். ஒரு தொகை குடுப்பாங்க. அப்பா அந்தக் கூண்டை விட்டு வெளிய வந்துடுவார்."

"பொய்யாச்சே."

"அவங்க சொல்றது மட்டும் உண்மையா? அந்தத் தையல்காரர் அப்படிச் சொல்ல முடியாது அத்தான். அவர் உயிரோட இருக்கார், கேட்டாத் தெரிஞ்சிடும். அக்காதான்..."

நிறுத்திக்கொண்டாள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் மாமா இரண்டாவது டம்ளர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சாரி அத்தான்."

"பரவாயில்ல."

ஒன்பது மாதமாக நான் அதிகம் சொன்ன சொல் அதுதான். கை தன்பாட்டில் கதவைத் திறப்பதுபோல வாய் தன்பாட்டில் சொல்லிவிடுகிறது.

"நான் சொன்னதை யோசிங்க. தயவுசெஞ்சு" என்றாள். அவள் விரல்கள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. இவ்வளவு பயப்படுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு முதலில் நிற்பவள் அவள்தான்.

எங்களைக் கூப்பிட்டார்கள்.

நீள மேஜை. ஒரு பக்கம் நானும் மாமாவும். எங்களுக்குப் பின்னால், சுவரோரம் சின்னவள். எதிர்ப்பக்கம் மடிக்கணினியோடு கம்பெனி அதிகாரி. பெயரைச் சொல்லச் சொன்னாலும், தாளை நீட்டச் சொன்னாலும், எல்லாவற்றுக்கும் 'சரிங்க மேடம்' என்றுகொண்டிருந்தார். மேஜையின் தலைப்பக்கம் நடுவர். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். மாமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"பதிவைப் போடுங்க" என்றார் நடுவர்.

"சரிங்க மேடம்."

முதலில் கம்பெனியில் பங்கு வாங்கி விற்றுத் தரும் டீலரின் குரல். நல்ல பணிவான குரல். "அக்கா, நல்லா இருக்கீங்களா? மார்க்கெட் இன்னிக்குப் பிரமாதமா இருக்கு. நேத்து மாதிரியே கொஞ்சம் வாங்கி, சாயங்காலம் வித்துடலாம். ஓகேதானேக்கா?"

"ம்... சரி சரி. அப்புறம் பேசறேன்."

அவள்தான்.

கொஞ்சம் மூச்சு வாங்கியது. மாடி ஏறி வந்திருக்கலாம். அந்த மாதங்களில் ஏறாமலேயே வாங்கும்.

எங்களிடம் அவளுடைய போட்டோக்கள் இருக்கின்றன. குரல் இல்லை. பதிந்து வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கம்பெனி மட்டும் தேதி, நேரம் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தது. எனக்கு ஏதாவது ஆகும் என்று காத்திருந்தேன். மேஜை விளிம்பில் ஒரு மரச் சிலாம்பு பெயர்ந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரியாக் கேக்கல" என்றார் மாமா. "இன்னொரு தடவை போடுங்க."

டெப்போவில் நாற்பது வண்டி உறுமும் இடத்தில், எந்த வண்டி எந்த டிரைவரோடு கிளம்புகிறது என்று காதாலேயே சொல்லக்கூடியவர் அவர்.

நடுவர் அவரை ஒரு கணம் பார்த்தார். "போடுங்க."

"சரிங்க மேடம்."

மீண்டும் போட்டார்கள். மாமா தலையைக் குனிந்து கேட்டார். மூன்றாம் முறை போடச் சொல்லி அவர் கேட்கவில்லை.

"இது உங்க மனைவி குரல்தானா?" நடுவர் என்னிடம் கேட்டார்.

பின்னால் சின்னவள் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது பிடரியில் தெரிந்தது. 'இல்லை' என்று சொல்வது சுலபம். ஒரே சொல். மாமாவின் கால் வீக்கம் வடிந்துவிடும்.

ஆனால் ஒன்பது மாதத்துக்குப் பிறகு அவள் இந்த அறைக்குள் வந்திருக்கிறாள். யாரோ என்று எப்படிச் சொல்வது?

"ஆமாங்க. அவதான்."

பின்னால் நாற்காலி முனகியது.

"அப்போ சம்மதம் சொல்லியிருக்காங்கன்னு எடுத்துக்கலாமா?"

"இல்லங்க. அது சம்மதம் இல்ல."

அதிகாரி நிமிர்ந்தார்.

"எங்க வீட்ல அவ 'சரி'ன்னு சொன்னா, நீங்க பேசறது கேக்குதுன்னு அர்த்தம். 'சரி சரி'ன்னா, போதும், போனை வைங்கன்னு அர்த்தம்."

"அப்போ சம்மதம்னா என்ன சொல்வாங்க?"

"'செஞ்சிடுங்க'ன்னு சொல்வா. அதைச் சொல்லாம அவ எதுக்கும் ஒத்துக்கிட்டதில்ல." வார்த்தைகள் தாமாக வந்தன. இவ்வளவு தொடர்ந்து நான் பேசி வெகு நாளாகியிருந்தது. "நான் அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டது போன்லதான். 'சரி சரி'ன்னா. நான் சந்தோஷமா நண்பர்களுக்கெல்லாம் சொல்லிட்டேன். மறுநாள் பாத்தா, 'எப்பப்பா நான் ஒத்துக்கிட்டேன்?'ங்கறா. அப்புறம் மூணு மாசம் கழிச்சுத்தான், 'அப்பாகிட்டப் பேசி ஏற்பாடு செஞ்சிடுங்க'ன்னு சொன்னா."

"எங்கிட்டயும் அப்படித்தாங்க" என்றார் மாமா. "மாத்திரை சாப்பிட்டியாம்மான்னா 'சரி'ம்பா. சாப்பிட்டிருக்க மாட்டா."

நடுவர் நான் சொன்னதை எழுதிக்கொண்டார். முழுவதையும். 'செஞ்சிடுங்க' என்பதன் கீழ் ஒரு கோடு போட்டார்.

"மேடம்," என்றார் அதிகாரி, "ஆளுக்கொரு சரி, ஆளுக்கொரு அர்த்தம்னா நாங்க ஆளுக்கொரு அகராதி வச்சுக்கிட்டா வியாபாரம் பண்ண முடியும்?"

"உங்க முறை வரும். பொறுங்க."

"சரிங்க மேடம்."

"பதினொண்ணு" என்றார் மாமா.

"என்ன ஐயா?"

மாமா எழுந்து நின்றார். "இவர் இந்த அறைக்குள்ள வந்ததுலேர்ந்து பதினோரு 'சரி' சொல்லியிருக்கார் மேடம். நான் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன், பழைய தொழில் புத்தி. தையல்காரருக்கு ஏழே போதும்னாங்க. பதினொண்ணுக்கு இவர் வீட்டை என் பேருக்கு எழுதி வாங்கிக்கலாமா?"

நடுவர் கண்ணாடியைத் துடைக்கக் குனிந்தார். நிமிர அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. அதிகாரியின் காது சிவந்துவிட்டது. 'சரி' என்று வந்த சொல்லை அவர் விழுங்கியது எல்லோருக்கும் தெரிந்தது.

"உட்காருங்க ஐயா." நடுவர் தாளைப் புரட்டினார். "இருநூற்றுப் பன்னிரண்டு வியாபாரத்துக்கு எத்தனை பதிவு இருக்கு?"

"முப்பத்தெட்டு மேடம்."

"மீதி?"

"வச்சிருக்க வேண்டிய காலம் முடிஞ்சதும் அழிஞ்சிடும்."

"உங்களுக்கு வேண்டியது மட்டும் அழியல போல. இந்த முப்பத்தெட்டிலும் இதே மாதிரி 'சரி சரி'தானா?"

அதிகாரி மடிக்கணினியில் எதையோ தேடத் தொடங்கினார். மாமா மேஜைக்கு அடியில் என் முழங்காலை அழுத்தினார். நாங்கள் ஜெயிக்கிறோம் என்று எனக்கு முதல்முறையாகத் தோன்றியது. தோன்றியதே ஆச்சரியமாக இருந்தது.

"ஒண்ணு மட்டும் வேற மாதிரி மேடம்" என்றார் அதிகாரி. "இதுதான் முதல் அழைப்பு. இதுக்கு மறுநாள்தான் தினசரி வியாபாரம் ஆரம்பம். குடும்ப விஷயம் வருதேன்னு போட வேண்டாம்னு இருந்தேன். ஆனா சார் சம்மதத்துக்குன்னு ஒரு வார்த்தை சொன்னாரே, அது இதுல இருக்கு."

"போடுங்க."

இந்த முறை அவர் எதுவும் சொல்லாமல் பொத்தானை அழுத்தினார்.

"அக்கா, திரும்பவும் சொல்றேன். இருக்கிற பங்கையெல்லாம் ஈடா வச்சுத்தான் பண்ணணும். லாபமும் வரும், போனாலும் போகும். நீங்க கேட்ட தொகை மூணு மாசத்துல வேணும்னா இது ஒண்ணுதான் வழி. என்ன சொல்றீங்க?"

எங்கோ ஒரு பாத்திரம் தரையில் வைக்கப்படும் சத்தம்.

"செஞ்சிடுங்க" என்றாள் என் மனைவி. திடமான குரல். மூச்சு வாங்கவில்லை. "ஆனா எங்க அப்பாவுக்கும் அவருக்கும் தெரிய வேண்டாம்."

"சரிங்க அக்கா."

பதிவு அங்கே முடியவில்லை. அவள் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுத் துண்டிக்க மறந்திருக்க வேண்டும். ஏதோ உரசியது. பிறகு பக்கத்திலிருந்து இன்னொரு பெண் குரல். தெளிவாக இருந்தது.

"என்னக்கா, ஒத்துக்கிட்டானா?"

அத்தோடு நின்றது.

மாமாவின் கை இன்னும் என் முழங்காலில்தான் இருந்தது. அதில் அழுத்தம் இல்லை.

"முதல் குரல்?" என்றார் நடுவர்.

"அவதாங்க."

"இரண்டாவது?"

அந்தக் குரலைத் தினமும் காலையிலும் மாலையிலும் கேட்கிறேன். சற்று முன்னால் படிக்கட்டில் அது என்னிடம் கெஞ்சியது. எதற்காகக் கெஞ்சியது என்று இப்போது புரிந்தது. எந்தத் தொகை, யாருக்காக, அது என்ன ஆனது என்பது மட்டும் புரியவில்லை.

செத்தவளுக்காக உண்மை சொல்லியாகிவிட்டது. இருப்பவளைக் காட்டிக்கொடுக்க நாக்கு எழவில்லை.

"தெரியலங்க" என்றேன்.

நடுவரின் பேனா தாளில் படாமல் நின்றது. அவர் என் தோளுக்கு மேலாகச் சுவர்ப் பக்கம் பார்த்தார். அங்கே நாற்காலி நகர்ந்தது.

"அது நான்தான் மேடம்" என்றாள் சின்னவள்.

மாமா திரும்பிப் பார்க்கவில்லை. என் முழங்காலிலிருந்து கையை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதை இன்னொரு கையால் மூடினார். பிறகு என் பக்கம் சாய்ந்து, எனக்கு மட்டும் கேட்கும்படிக் கேட்டார்.

"மாப்பிள்ளை, இது உங்களுக்கும் தெரியுமா?"

"சத்தியமாத் தெரியாது மாமா" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 'தெரியலங்க' என்று நடுவரிடம் நான் சொன்னதை அரை நிமிடத்துக்கு முன்புதான் அவர் கேட்டிருந்தார்.